ஒரு பேனா... ரெண்டு பேர்!

என்ன ஃப்ரெண்ட்ஸ், எக்ஸாம் டைம்டேபிள் வந்தாச்சா? ஜெராக்ஸ் கடையில் க்யூ, விடிய விடிய டீ, "மச்சி, அஞ்சாவது யூனிட் கண்டிப்பா வருமாடா?" என்ற கெஞ்சல்... எல்லாம் ஆரம்பமாகியிருக்குமே! நல்லா படிங்க. ஆனா, இந்த வாரம் நாம பேசப் போறது உங்க பரீட்சையைப் பற்றி இல்லை. உங்க கையால் எழுதப்போகிற, ஆனா உங்களுடையது இல்லாத ஒரு பரீட்சையைப் பற்றி.

குழப்பமா இருக்கா? உங்க வாட்ஸ்அப் குரூப்பைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்க. "அர்ஜென்ட்! நாளை காலை 10 மணிக்கு எக்ஸாம். பார்வையற்ற மாணவருக்கு ஸ்கிரைப் தேவை. ப்ளீஸ் ஷேர்" என்று ஒரு மெசேஜ் எங்கேயாவது கிடக்கும். நாம என்ன செஞ்சிருப்போம்? ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டு, நாலு குரூப்புக்குத் தள்ளிவிட்டுட்டு, 'நல்ல காரியம் செஞ்சாச்சு'ன்னு படுத்திருப்போம். முன்னாடி இதே நோட்டீஸ் ஹாஸ்டல் வாசல் போர்டில் குண்டூசியில் தொங்கும். இப்போ செல்போனில் வருது. அந்த 'நாளை காலை 10 மணி' மட்டும் மாறவே இல்லை.

ஸ்கிரைப்புக்கு நம்ம ஊர் அரசுத் தேர்வுத் துறை வைத்திருக்கிற பெயர், 'சொல்வதை எழுதுபவர்'. நல்ல பேர். செய்ய வேண்டிய வேலை முழுக்க பேரிலேயே இருக்கு. சொல்லாததை எழுதக் கூடாது. சொன்னதை விடக் கூடாது. அதிகாரிகள், கண்காணிப்பாளர்கள் எல்லாரும் பயப்படுறது முதல் தப்பைப் பற்றித்தான். ரெண்டாவது தப்பைச் செய்தவன் நான்.

2003 ஏப்ரல். நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. எங்க ஹாஸ்டலில் ஓர் அண்ணன் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் படிச்சுக்கிட்டிருந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. ரூம் முழுக்க கேசட்டுகள். ஜூனியர் பசங்க ஆளுக்கு ஒரு பாடமா டேப் ரெக்கார்டர் முன்னாடி வாசிச்சுக் கொடுப்பாங்க. அதில் ஒரு கேசட்டில் 1857 புரட்சி மும்முரமா போய்க்கிட்டிருக்கும்போது, பின்னணியில் மெஸ் மணி அடிக்கும். "டேய்... சாம்பார் தீர்ந்துடும், வாங்கடா!" என்று ஒருத்தன் கத்துவான். கேசட் நின்னுடும். மறுபடி ஓடும்போது ஜான்சி ராணி குதிரையில் ஏறியிருப்பார். "1857-ன்னாலே எனக்கு சாம்பார் வாசனை வருதுப்பா" என்பார் அண்ணன்.

அவருக்கு வழக்கமா எழுதுகிற பையனுக்கு அன்னைக்குக் காய்ச்சல். காலை எட்டு மணிக்கு என் ரூம் கதவைத் தட்டினார். "தம்பி, இன்னிக்கு ஒரு பேப்பர் மட்டும் வர முடியுமா?" மறுநாள் எனக்கு காஸ்ட் அக்கவுன்டிங். மனசுக்குள்ளே முனகினேன். ஆனா எதிரில் நிற்கிறவர்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது? "சரிங்கண்ணா." உண்மையைச் சொல்லணும்னா, அந்த 'சரி'யில் அன்பை விட வெட்கம்தான் அதிகம் இருந்தது.

மற்றவங்களுக்குக் கீழே பெரிய ஹால். எங்களுக்கு இரண்டாவது மாடியில், விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கிற அறை. உடைஞ்ச கேரம் போர்டு, சுருட்டி வெச்ச கிரிக்கெட் பாய், ஆடி ஆடிச் சுற்றுகிற ஒரு ஃபேன். என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு அண்ணன் படி ஏறினார். கண்காணிப்பாளர் என் ஐ.டி. கார்டை மூணு தடவை திருப்பிப் பார்த்தார். "நீ ஹிஸ்டரி இல்லையே? பர்சன்டேஜ் எவ்வளவு?" என்றார். நான் ஏதோ பிட் கடத்த வந்தவன் மாதிரி. போகும்போது, "அரை மணி நேரம் எக்ஸ்ட்ரா தர்றேன், சீக்கிரம் முடிங்க" என்றார். தன் பாக்கெட்டில் இருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி!

அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். ஆங்கிலேயர் கால நிலவரி முறைகள் பற்றிய கட்டுரைக் கேள்வி. 1793-ல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் என்ன, தாமஸ் மன்றோவின் ரயத்வாரி முறை அதிலிருந்து எப்படி மாறுபட்டது, நடுவில் இருந்த ஜமீன்தார் போனதால் விவசாயிக்கு வந்த சங்கடம் என்ன... காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் போட்டுப் பேசுகிற மாதிரி, தலைக்குள்ளேயே எழுதி முடிச்ச கட்டுரை அது. முதல் ஒரு மணி நேரம் வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். ரெண்டாவது மணி நேரம் விரல் வலிச்சது. மூணாவது மணி நேரம் அவர் நாலு வாக்கியம் சொன்னால் நான் ரெண்டு எழுதினேன். 'சாராம்சம் வந்தால் போதாதா' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சுண்ணா."

ரிசல்ட் வந்தது. அந்தப் பேப்பரில் 37. பாஸ் மார்க் 40. அந்த வருஷம் பி.எட். சேர அப்ளிகேஷன் வாங்கி வெச்சிருந்தார். அது அப்படியே மடிச்சு வெச்ச இடத்தில் இருந்தது. நவம்பரில் வேற ஒரு பையனை வெச்சு அரியர் எழுதினார். 64. அதே தலை, அதே பாடம், அதே கேசட். கை மட்டும்தான் வேற.

நான் யார்கிட்டேயும் எதுவும் சொல்லலை.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 'ஐயோ, சட்டமா?' என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இதில் உங்க காலேஜ் ஆபீசுக்கே தெரியாத விஷயம் இருக்கலாம். நாங்க அந்த ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தபோதே நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம். அதன் 31-ஆவது பிரிவு, பார்வையற்ற, பார்வை குறைந்த மாணவர்களுக்கு எழுதுபவரை எல்லாக் கல்வி நிறுவனங்களும் ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று சொன்னது. கவனிங்க, 'நிறுவனங்கள்'! காலை எட்டு மணிக்கு ஜூனியர் ரூம் கதவைத் தட்ட வேண்டியது அண்ணனுடைய வேலையே இல்லை. அவருக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தக் கண்காணிப்பாளருக்குத் தெரிந்திருக்கும்னும் தோணலை.

அதற்கப்புறம் நிறைய நடந்தது. ஐ.நா. சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007-ல் இந்தியா ஏற்றது. 2010-ல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லுக்கு மாறியது. (பேரை மாற்றுவது சுலபம், மாடிப்படியை மாற்றுவதுதான் கஷ்டம் என்று என் நண்பர் ஒருத்தர் கிண்டல் பண்ணுவார்.) ஆனா, பரீட்சை ஹாலுக்குள்ளே நேரடியா கை வைத்தது 2013 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகள்தான்.

அதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒரு வார்த்தை மாற்றம். 'எக்ஸ்ட்ரா டைம்' என்று சொல்லாதே, 'காம்பன்சேட்டரி டைம்' என்று சொல் என்றது அரசு. தமிழில் 'ஈடுசெய்யும் நேரம்'னு வெச்சுக்கலாம். வார்த்தையில் என்ன இருக்குன்னு கேட்பீங்க. இருக்கு பாஸ்! எக்ஸ்ட்ரா என்றால் சாப்பாட்டுக்கு மேலே ஒரு அப்பளம் மாதிரி, கொடுக்கிறவர் மனசு. ஈடு என்றால் பறிபோனதைத் திருப்பிக் கொடுக்கிறது.

என்ன பறிபோகுது? நீங்க கொஸ்டின் பேப்பரை வாங்கினதும் ஒரு பார்வையில் மேலிருந்து கீழ் வரை ஓட்டிடுவீங்க. எதை விடறது, எதை எடுக்கிறதுன்னு அரை நிமிஷத்தில் தெரிஞ்சுடும். அண்ணனுக்கு அந்தப் பேப்பர் முழுசையும் ஒருத்தன் வாசிக்கணும், அவர் ஞாபகத்தில் வெச்சுக்கணும். அப்புறம் சொல்லணும், நான் எழுதி முடிக்கிற வரை அடுத்த வாக்கியத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுக் காத்திருக்கணும். 'எங்கே விட்டோம்?' என்று கேட்டால் நான் திருப்பி வாசிக்கணும். இதற்கெல்லாம் ஈடாகத்தான் ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைஞ்சது 20 நிமிஷம் என்று அந்த நெறிமுறை கணக்குப் போட்டது. மூணு மணி நேரப் பரீட்சைக்கு முழுசா ஒரு மணி நேரம். எங்களுக்குக் கிடைச்ச அரை மணி நேரத்தைப் போல ரெண்டு மடங்கு!

பரீட்சையை முடிஞ்ச வரை தரைத்தளத்தில் வைக்கணும் என்றும் அதில் இருக்கு. கையால் எழுதித்தான் ஆகணும்னு இல்லை. பிரெய்லியிலோ, கம்ப்யூட்டரிலோ, பெரிய எழுத்து வினாத்தாளிலோ, விடையைக் குரலில் பதிவு செய்தோ கூட எழுதலாம், தேர்ந்தெடுப்பது மாணவர் உரிமை என்றும் இருக்கு. முக்கியமா இன்னொன்று: எழுதுபவரின் படிப்பு, மார்க், வயசு என்று எந்தக் கட்டுப்பாடும் வைக்காதே, சந்தேகம் இருந்தால் கண்காணிப்பைப் பலப்படுத்து என்றது. 'பர்சன்டேஜ் எவ்வளவு?' என்ற கேள்விக்கே இடமில்லை!

நல்லா இருக்குல்ல? ஐந்தே வருஷம்தான். 2018 ஆகஸ்டில் நெறிமுறைகளைத் திருத்தினாங்க. தானே ஆள் கூட்டிக்கிட்டு வந்தால், அந்த ஆளின் படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பை விட ஒரு படி கீழே இருக்கணும் என்று ஒரு விதி உள்ளே வந்தது. காரணம் புரியுது. ஸ்கிரைப் என்ற பெயரில் கெட்டிக்காரன் ஒருத்தனை உட்கார வெச்சு விடை எழுத வைக்கிற மோசடி நடக்கத்தான் செய்யுது. அரசுக்கு அந்தப் பயம் இருக்கிறதில் தப்பில்லை. ஆனா ஓர் எம்.எஸ்சி. கணித மாணவரை நினைச்சுப் பாருங்க. அவர் வாயால் சொல்லுகிற இன்டெக்ரல் குறியை, வாழ்க்கையில் ஒரு தடவை கூடப் பார்க்காத ஒருத்தர் எப்படித் தாளில் போடுவார்? ஏமாற்றுகிற நாலு பேரைப் பிடிக்க, ஏமாற்றாத நானூறு பேருக்குப் பாதி எழுதத் தெரிஞ்ச கையைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? இது என் கருத்து. நீங்க மறுக்கலாம்; மறுத்தால் எழுதுங்க.

நடுவில், 2016-ல் பெரிய சட்டம் ஒன்று வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தில் இருந்த 7 வகைக் குறைபாடுகள் 21 ஆயின. அரசு வேலையில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு 4 ஆனது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் என்றானது. நம்ம கதைக்கு முக்கியமானது 17-ஆவது பிரிவு. தேர்வு முறையையே மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஏற்ற மாதிரி மாற்றணும், நேரம் கொடுக்கணும், எழுதுபவர் கொடுக்கணும், இரண்டாவது, மூன்றாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு தரணும் என்று பட்டியலே போட்டு அரசின் கடமையாக்கியிருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். நாடு முழுக்க 2.68 கோடி. அப்போ கணக்கெடுத்தது 21 வகையைக் கூட இல்லை.

சரி, சட்டத்தில் ஒரு கோடும் இருந்தது. 40 சதவீதம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஒதுக்கீடு. இந்தக் கோட்டை எழுதுபவர் வசதிக்கும் இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க. விகாஷ் குமார் என்பவர் மருத்துவம் படித்தவர், ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத வந்தார். அவருக்கு 'ரைட்டர்ஸ் கிராம்ப்'. அதாவது பேனாவைப் பிடிச்சு எழுத ஆரம்பிச்சா கை இழுத்துக்கும். 40 சதவீதத்துக்குள் வரலைன்னு யு.பி.எஸ்.சி. ஸ்கிரைப் தர மறுத்தது. யோசிங்க, கையே எழுதாதுன்னா அது எத்தனை சதவீதமா இருந்தா என்ன? 2021 பிப்ரவரி 11-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு. ஒவ்வொருத்தருக்கும் என்ன தேவையோ அதைப் பார்த்து நியாயமான ஏற்பாடு செய்து தருவது கடமை, 40 சதவீதக் கணக்கைக் காட்டி அதைத் தட்டிக் கழிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதை ஒட்டி 2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் தனி நெறிமுறை வந்தது. 2025 பிப்ரவரியில் வேறொரு வங்கித் தேர்வு வழக்கிலும் கோர்ட் இதையே மறுபடி அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்ல வைக்கிறதில் நம்ம ஆபீஸ்களை அடிச்சுக்க ஆளே கிடையாது!

ஆனா, 2021-லேயே நடந்த இன்னொரு வழக்குதான் என்னைத் தூங்க விடலை. 'நீட்' எழுதப் போன ஒரு மாணவி. டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதில் வருகிற கற்றல் குறைபாடு. ஒரு மணி நேரம் ஈடுசெய்யும் நேரம் அவருக்குச் சட்டப்படி உண்டு. சர்டிபிகேட் இருக்கு, விதி இருக்கு, எல்லாம் இருக்கு. பரீட்சை மையத்தில் இருந்தவங்களுக்கு மட்டும் அது தெரியாது. மற்றவங்களோடு சேர்த்து அவருடைய விடைத்தாளையும் பிடுங்கிட்டாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. அநியாயம் நடந்திருக்கு என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. அதை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு வாரத்தில் பார்க்கச் சொன்னது. மையத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றது. மறுபடி தேர்வு நடத்த மட்டும் உத்தரவிடவில்லை. டெல்லியில் போட்ட சட்டம், நாலு பெஞ்சும் ஒரு கடிகாரமும் இருக்கிற அந்த ரூமுக்குள் நுழையலை. அவ்வளவுதான் நடந்தது.

இப்போ என் கதையின் மிச்சம்.

அண்ணன் ஒரு வருஷம் தள்ளி பி.எட். முடிச்சார். இன்னிக்கு ஒரு அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். இந்தக் கட்டுரைக்காக அவருக்குப் போன் போட்டேன். சட்டம், நெறிமுறை எல்லாம் பேசிட்டு, கடைசியில் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "அண்ணா, அந்த 37 மார்க் பேப்பர்ல நான்..." என்று இழுத்தேன்.

"தெரியும் தம்பி" என்றார்.

எனக்கு வியர்த்துடுச்சு. "எப்படிண்ணா?"

"பேனா சத்தம் கேட்குமே! நான் நிறுத்தினதுக்கு அப்புறமும் பேனா கொஞ்ச நேரம் ஓடணும். முதல்ல ஓடுச்சு. அப்புறம் நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நின்னுட்டுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா... திட்டியிருக்கலாமே?"

"திட்டியிருந்தா நீ எழுந்து போயிருப்ப. அடுத்த பேப்பருக்கு யார் வருவா?"

அவர் சிரிச்சார். நான் சிரிக்கலை. இருபது வருஷமா நான் அவருக்கு ஒரு உதவி செய்ததாகவும், அதில் சின்னதா ஒரு தப்பு நடந்துட்டதாகவும் நினைச்சுக்கிட்டிருந்தேன். அவருக்கோ, வாய் திறந்து 'ஒழுங்கா எழுது' என்று சொல்லக்கூட அன்னிக்கு வழியில்லை. தயவு செய்ய வந்தவன்கிட்ட யாரால் கணக்குக் கேட்க முடியும்?

அதனால்தான் 2025 ஆகஸ்டில் வந்த புது நெறிமுறையை நான் ரெண்டு தடவை படிச்சேன். போட்டித் தேர்வு நடத்துகிற அமைப்புகளே பயிற்சி பெற்ற எழுதுபவர் குழுவை ரெண்டு வருஷத்துக்குள் உருவாக்கணும், அவரவர் ஆளைக் கூட்டி வருவதைப் படிப்படியா குறைக்கணும் என்கிறது அது. இதன் பின்னாலும் அந்தப் பழைய சந்தேகம் இருக்குங்கிறது உண்மை. நண்பர்கள் சிலர், "எனக்குப் பழக்கமான குரல், பழக்கமான கை போயிடுமே" என்று பயப்படறாங்க. அந்தப் பயமும் நியாயம்தான். ஆனாலும், வேலையாகச் செய்ய வருகிற ஒருத்தர்கிட்ட 'இந்த வரியைத் திருப்பி வாசி' என்று கேட்கலாம். சரியில்லைன்னா புகார் கொடுக்கலாம். தேர்வு அமைப்பு ஆள் கொடுத்தால், ரெண்டு நாள் முன்னாடியே அவரைச் சந்தித்து, சரிப்படுவாரான்னு பார்க்க விடணும் என்று 2018 நெறிமுறையிலேயே இருக்கு. புது முறையில் அது மட்டும் ஒழுங்கா நடந்தால் எனக்கு அரைத் திருப்தி. மீதி அரை, ஆள் உண்மையிலேயே போதுமான அளவு கிடைக்கிறாங்களான்னு பார்த்த பிறகுதான்.

நம்ம ஊர் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ பொதுத்தேர்வில் துறையே ஆசிரியர்களை எழுதுபவராகப் போடுது. பள்ளி முடிஞ்சு காலேஜ் வாசலில் கால் வைக்கும்போதுதான் நம்ம நண்பர்கள் பலர் மறுபடி ஜூனியர் ரூம் கதவைத் தட்ட வேண்டியிருக்கு. காலேஜ் செமஸ்டருக்கு ஒரு குழு எப்போ வரும்னு யாரும் நாள் குறிக்கலை. அதுவரைக்கும் அந்தக் கதவு உங்க கதவாக இருக்கலாம்.

அப்போ என்ன செய்யணும்? முடியாதுன்னா முதல் நாளே முடியாதுன்னு சொல்லிடுங்க. அதில் பாவமே இல்லை. முடியும்னு சொல்லிட்டுக் காலையில் போனை ஆஃப் பண்றதுதான் பாவம். ஒத்துக்கிட்டால், முன்னாடி ஒரு நாள் அரை மணி நேரம் அவரோடு உட்காருங்க. அவர் பேசுகிற வேகம் உங்களுக்கும், நீங்க வாசிக்கிற உச்சரிப்பு அவருக்கும் பழகணும். ஹாலில் கொஸ்டின் பேப்பரை முதல் வரியிலிருந்து மார்க் உட்பட வாசிங்க. 'இது ஈஸி அண்ணா, இதை எடுத்துக்கோங்க' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க. அவர் சொல்வது தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சாலும் தப்பாகவே எழுதணும். நாக்கைக் கடிச்சுக்கணும், புருவத்தைத் தூக்கினால் பரவாயில்லை, பெருமூச்சு மட்டும் விடக் கூடாது. அது அவருக்கு நல்லாவே கேட்கும். பேர்ச்சொல் வந்தால் எழுத்துக்கூட்டிக் கேளுங்க. ஒவ்வொரு அரை மணிக்கும் நேரம் சொல்லுங்க. ஒரு கேள்வி முடிஞ்சதும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எழுதினதைத் திருப்பி வாசிச்சுக் காட்டுங்க. நான் மட்டும் அன்னிக்கு அதைச் செய்திருந்தால் மூணாவது மணி நேரத்தில் மாட்டியிருப்பேன். கை வலிச்சால் வாயைத் திறந்து, "அண்ணா, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லுங்க. ஈடுசெய்யும் நேரம் உங்க விரலுக்கும் சேர்த்துத்தான்.

எழுதுபவரே தேவைப்படாத ஒரு வழியும் திறந்துக்கிட்டிருக்கு. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற 'என்.வி.டி.ஏ.' மாதிரி சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்குது. ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கீபோர்டில் தானே டைப் அடிச்சுப் பரீட்சையை முடிக்கிற பார்வையற்ற நண்பர்கள் இருக்காங்க. உங்க காலேஜ் அதற்கு அனுமதிக்குதா? மற்றவங்களை விடுங்க, உங்க வகுப்பிலேயே இப்படி ஒரு நண்பர் இருந்தால் அவர்கிட்ட முதல்ல கேளுங்க, ஸ்கிரைப் வேணுமா, கம்ப்யூட்டர் வேணுமான்னு. கேட்காமல் நாமே முடிவு பண்றது நம்ம எல்லாருக்கும் உள்ள வியாதி.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை தர்றேன். உங்க காலேஜ் தேர்வு அலுவலகத்துக்குப் போய் மூணே கேள்வி கேளுங்க. சொல்வதை எழுதுபவர்களின் பட்டியல் இங்கே இருக்கா? மூணு மணி நேரப் பேப்பருக்கு எத்தனை நிமிஷம் ஈடு கொடுக்கறீங்க? அந்த ரூம் எந்த மாடியில் இருக்கு? என்ன பதில் வந்ததுன்னு ஒரு அஞ்சலட்டையிலோ, மெயிலிலோ எழுதி அனுப்புங்க. காலேஜ் பேர் வேண்டாம், பதில் மட்டும் போதும். வருகிற பதில்களை அப்படியே இந்தப் பக்கத்தில் போடுவோம். அண்ணனுக்கும் போனில் வாசிச்சுக் காட்டறதா சொல்லியிருக்கேன். "இந்தத் தடவை ஒரு வரியும் விடாம வாசி" என்றார்.

அடுத்த வாரம் பார்க்கலாம்!